இல்லறத்திலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு: மேரி ஷார்லிப் அம்மையாரின் இரண்டாம் தொழில்

நெய்தற் கரை

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட கடற்கரையில் அமைந்த பழம்பதி மரக்காணம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் போற்றுமிடத்துச் சுட்டும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இங்குள்ள பூமீசுவரர் கோயிற் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. ஊரையடுத்துக் கழுவெளி விரிந்து கிடக்கிறது. அதன் உவர்நீரும் கடற்காற்றும் கோடை வெயிலும் கூடி இக்கரையை உப்பு விளையும் நிலமாக்கின.

உப்பு விளையும் நிலத்தை ‘அளம்’ என்றும், உப்பு வாணிகம் செய்வோரை ‘உமணர்’ என்றும் சங்கச் சான்றோர் வழங்கினர். நெல்லுக்கு உப்பை மாற்றித் தெருவில் கூவி விற்ற நெய்தல் நிலப் பெண்ணை அகநானூறு காட்டுகிறது. இன்றைய மரக்காணத்து அளங்களிலும் பெண்ணின் உழைப்பே பெரும்பங்கு. பாத்தியில் உறைந்த உப்பை வாரிக் குவிப்பதும், கூடையிலும் தட்டிலும் ஏற்றித் தலைச்சுமையாகக் கரைக்குக் கொணர்வதும் அவர்தம் அன்றாடப் பணி. வெண்மைப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணை வருத்தும். உவர்நீர் காலின் தோலை அரிக்கும். கருவுற்ற பெண்ணுக்கு இவ்வுழைப்பு எத்துணைக் கடியது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அவளுக்குப் பேறுகாலம் வரும்போது அருகிருந்து துணைபுரிய வல்லார் யார்? இவ்வினா ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. 19ஆம் நூற்றாண்டுத் தமிழகம் முழுவதற்கும் உரியது. அவ்வினாவுக்கு விடைதேடி, முப்பதாம் வயதில் தம் வாழ்வின் திசையையே மாற்றிக்கொண்ட ஒருவர் சென்னையில் வாழ்ந்தார். அவரே மேரி ஷார்லிப் அம்மையார். வழக்கறிஞர் ஒருவரின் மனைவியாகவும் மூன்று மக்களின் தாயாகவும் இருந்தவர், பின்னர் மருத்துவராகவும் மருத்துவக் கல்லூரி ஆசிரியராகவும் விளங்கிய வரலாறு நம் மாநிலத்தின் பெண் மருத்துவ வரலாற்றுக்கு முகப்புரை எனலாம். அவர் வாழ்ந்த சென்னையையும் இந்த உப்பங்கரையையும் அந்நாளில் ஒரு நீர்வழி இணைத்தது. அதனின்றே இவ்வரலாற்றைத் தொடங்குதல் பொருந்தும்.

கால்வாயும் கல்லூரியும்

ஆந்திரக் கரையிலிருந்து சென்னை வழியாக மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி இவ்வூரை அடுத்துள்ளது. உப்பும் விறகும் ஏற்றிய தோணிகள் ஒருகாலத்தில் இக்கால்வாய் வழியே சென்னை சென்றன. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது, பசித்தோருக்கு வேலையும் கூலியும் அளிக்கும் பொருட்டு, சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர்ப் பகுதி வெட்டப்பட்டது. அந்நாளில் சென்னை ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு வழங்கலாயிற்று.

எலும்பும் தோலுமான ஆடவரும் பெண்டிரும் மண் சுமந்த அதே ஆண்டுகளில், கால்வாய்க்கு அணித்தாயுள்ள சென்னைப் பொது மருத்துவமனையின் நோயாளிக் கூடங்களில் பெண்கள் நால்வர் மருத்துவம் பயின்றுகொண்டிருந்தனர். 1835ஆம் ஆண்டில் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர்க் கல்லூரியாக உயர்ந்த சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் பெண்களுக்குத் தன் கதவைத் திறந்தது. உலகின் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் பெண்களுக்கு அடைபட்டிருந்த காலம் அது. ஸ்காட்லாந்தில் எடின்பரோ பல்கலைக்கழகம், சேர்த்துக்கொண்ட பெண்களுக்கே பட்டமளிக்க மறுத்துவிட்டிருந்தது. அந்நிலையில் சென்னை முந்திக்கொண்டது வியப்புக்குரியது. இவ்வியப்புக்குக் காரணமான இருவரில் ஒருவர் தலைமை மருத்துவ அதிகாரி எட்வர்டு பால்பர். மற்றவர் ஷார்லிப் அம்மையார்.

முதல் வாழ்வு

மேரி, 1845ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். பிறந்த சில நாள்களிலேயே அன்னையை இழந்தார். பிள்ளைப்பேற்றை ஒட்டி நேர்ந்த அம்மரணத்தின் நிழல் அவர் வாழ்வின் தொடக்கத்திலேயே விழுந்துவிட்டது. பாட்டனார் இல்லத்தில் சமய ஒழுக்கம் மிக்க சூழலில் வளர்ந்த அவர், சென்னையில் வழக்கறிஞராகத் தொழில் நடத்த இருந்த வில்லியம் ஷார்லிப் என்பவரை 1865இல் மணந்தார். உடன் கடல் கடந்து சென்னை வந்தார்.

வந்தபோது அவருக்கு வயது 21 நிரம்பவில்லை. இல்லத்தை நடத்துதல், கணவரின் சட்டத் தொழிலுக்குத் துணைநிற்றல், ஆண்மக்கள் இருவரையும் பெண்மகவு ஒன்றையும் வளர்த்தல் என்ற வகையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. அந்நாளைய ஆங்கிலக் குடும்பப் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட வாழ்வு அவ்வளவே. அவ்வாழ்வில் அவர் நிறைவு காணவில்லை என்று கருதுதல் தவறு. பிற்காலத்தில் அவர் எழுதிய நினைவுக் குறிப்புகள் அவ்விளமைக் காலத்தைப் பற்றி அன்போடுதான் பேசுகின்றன.

ஆயினும் வீட்டுக்கு வந்துபோவோர் வாயிலாக அவர் கேள்வியுற்ற செய்திகள் நெஞ்சை உறுத்தின. உயர்குலத்து இந்துக் குடும்பங்களிலும் கோஷா முறை போற்றிய முகமதியக் குடும்பங்களிலும் பெண்கள் ஆடவ மருத்துவர் கண்ணிற் படுவதில்லை. பேறு எளிதாயின் மருத்துவச்சியின் கைத்திறனே போதும். குழந்தை குறுக்கே கிடந்தாலோ குருதிப் பெருக்கு நில்லாவிட்டாலோ செய்வதற்கு யாதுமில்லை. நகரிலேயே தேர்ந்த மருத்துவர் இருக்க, சில தெருக்கள் தள்ளி ஒரு தாய் உயிர்விடுவாள். இடைநின்று தடுத்தது தொலைவன்று, வழக்கம்.

அவ்வழக்கத்தை மாற்றுதல் எளிதன்று. ஆண்டுகள் பல ஆகும். அதுவரை இறப்போர்க்கு யார் பொறுப்பு? பெண் மருத்துவரை உருவாக்குதல் ஒன்றே உடனடி வழியாகத் தோன்றியது. அப்பெண் தாமாகவே இருத்தலாகாதா என்ற எண்ணம் அவர்பால் அரும்பியது.

கல்லூரி வாயிலில்

முதற்கண் அவர் நாடியது முழு மருத்துவக் கல்வியன்று. பேறுகால உதவி புரியும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றாற் போதும் என்று எண்ணி, சென்னையின் பிள்ளைப்பேறு மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். அங்குக் கண்ட காட்சிகள் அவர் எண்ணத்தைத் திருத்தின. பேறு என்பது உடலின் பிற நிலைகளினின்று தனித்து நிற்கும் நிகழ்ச்சியன்று. காய்ச்சலும் சோகையும் இதய நோயும் நஞ்சேறிய குருதியும் அதனோடு பின்னிக் கிடப்பவை. பேறு பார்க்கக் கற்று, நோயை அறியக் கல்லாதவர், இக்கட்டான வேளையில் கைபிசைந்து நிற்க நேரும். அரைகுறைக் கல்வி உதவியாகத் தொடங்கி ஊறாக முடியும் என்பதை அவர் கண்கூடாக உணர்ந்தார். முழு மருத்துவக் கல்வியை நாடியதற்கு இதுவே காரணம்.

பெண்களை மருத்துவக் கல்லூரியிற் சேர்க்க வேண்டும் என்ற கருத்தைப் பால்பர் முன்னரே அரசுக்குத் தெரிவித்திருந்தார். சென்னை அருங்காட்சியகம் உருவாகக் காரணமாயிருந்தவரும் இந்தியாவைப் பற்றிய பெருங்கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுத்தவருமாகிய அவர், பல்துறை நாட்டம் மிக்கவர். அவர் துணையோடு 1875இல் ஷார்லிப் அம்மையாரும் வேறு பெண்கள் மூவரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

வாயில் திறந்தது கொண்டு வரவேற்பும் கிடைத்ததென்று கொள்ளலாகாது. மருத்துவமனைக் கூடங்களில் அப்பெண்கள் உலவுவதைத் தம்மால் தடுக்க இயலாதாயினும் அவர்களுக்குக் கற்பிக்க இயலாது என்னும் போக்குடைய மூத்தோரும் அங்கு இருந்தனர். வேறு சிலர் பரிவோடு கற்பித்தனர். எதிர்த்தவர்களின் நோக்கிலும் உண்மையின் கூறு இல்லாமலில்லை. பெண்ணின் உடல் இவ்வுழைப்பைத் தாங்காது என்று அவர்கள் மெய்யாகவே நம்பினர். கால்வாயில் மண் சுமந்த பெண்களையும் உப்பளத்தில் சுமைதூக்கிய பெண்களையும் அவர்கள் எண்ணிப் பார்த்திருப்பின் அவ்வாறு கருதியிரார்.

மூன்றாண்டுப் படிப்பை முடித்து 1878இல் அம்மையார் மருத்துவம், அறுவை, பேறியல் ஆகியவற்றில் உரிமச் சான்று பெற்றார். அப்போது அவர் வயது 33. அதே ஆண்டில்தான் கிருபாபாய் என்னும் இளம்பெண் அக்கல்லூரியிற் சேர்ந்தார். உடல்நலக் குறைவால் படிப்பைக் கைவிட்ட அவர், பின்னாளில் கிருபாபாய் சத்தியநாதன் என்ற பெயரில் ஆங்கிலப் புதினம் எழுதிய முதல் இந்தியப் பெண்களுள் ஒருவராகப் புகழ்பெற்றது இலக்கிய அன்பர்கள் அறிந்த செய்தி.

நிறைகல்வி நாடி

உரிமம் பெற்றவர் உடனே தொழில் தொடங்கியிருக்கலாம்; தொடங்குவதற்குத் தடையில்லை. ஆயினும் உழைப்பால் உடல் நலிந்த நிலையில் மக்களோடு இங்கிலாந்து திரும்பிய அம்மையார், அங்கும் கல்வியையே தொடர்ந்தார். லண்டன் பல்கலைக்கழகம் தன் பட்டங்களைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது 1878ஆம் ஆண்டில்தான். இங்கிலாந்தின் பெண் மருத்துவ முன்னோடியாகிய எலிசபெத் காரெட் ஆண்டர்சனின் ஊக்குவிப்பைப் பெற்று, 1874இல் நிறுவப்பட்டிருந்த லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் அவர் சேர்ந்தார். முன்னரே கற்றவற்றையும் முதலிலிருந்து மீண்டும் கற்க வேண்டியிருந்தது.

1882இல் அப்பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டம் பெற்ற முதற் பெண்கள் இருவருள் ஒருவராக அவர் தேறினார். பேறியலில் தங்கப் பதக்கமும் அவருக்கே கிடைத்தது. அதன் பின்னரும் வியன்னா சென்று பேறுகால அறுவை முறைகளைப் பயின்றார். பதக்கத்தினும் இப்பயணமே அவர் இயல்பை நன்கு காட்டுகிறது. சென்னையில் தாம் கண்டு செயலற்று நின்ற இக்கட்டுகளுக்கு விடை எங்குக் கிடைக்குமோ அங்குச் சென்று கற்றார். முப்பதாம் வயதில் பாடம் தொடங்கியவர் முப்பத்தேழாம் வயதிலும் மாணவியாகவே இருந்தார்.

இத்தனை ஆண்டுகளும் கணவர் சென்னையில் இருந்தார். மக்கள் தாயோடு இருந்தனர். குடும்பம் கடலால் பிளவுண்டிருந்த இவ்விலையை அம்மையாரும் கணவரும் ஒருங்கே செலுத்தினர். இரண்டாம் தொழில் என்பது ஒருவர் தனியே எடுக்கும் முடிவன்று. இல்லத்தார் அனைவரும் அதன் சுமையிற் பங்கேற்கின்றனர் என்பதற்கு இது சான்று.

மருத்துவரும் ஆசிரியரும்

1883இல் அவர் சென்னை திரும்பினார். புறப்படுமுன் விக்டோரியா அரசியைக் கண்டு இந்தியப் பெண்களின் மருத்துவத் தேவையை எடுத்துரைக்கும் வாய்ப்பும் அமைந்தது. சென்னையில் அவர் பணி மூவகைப்பட்டது.

முதலாவது, குடும்ப மருத்துவர் பணி. அழைத்த இல்லங்களுக்குச் சென்றார். அந்தப்புரங்களின் உட்கட்டு வரை அவரால் செல்ல முடிந்தது. நோயாளியின் நாடியைத் திரைக்கு வெளியே நின்று பார்க்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை. ஒரு வீட்டுக்குச் செல்பவர் நோயை மட்டும் காண்பதில்லை. அடுப்பங்கரையையும் குடிநீரையும் மாமியாரின் அச்சத்தையும் குழந்தையின் பசியையும் காண்கிறார். குடும்ப மருத்துவத்தின் சிறப்பு இதுவே. மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவர் ஒரு நோயாளி. வீட்டுக் கட்டிலில் கிடப்பவர் ஒரு குடும்பத்தின் உறுப்பினர்.

இரண்டாவது, மருத்துவமனை. 1885இல் பெண்களுக்கெனத் தனி மருத்துவமனை ஒன்று சென்னையில் தொடங்கப்பெற்றது. ‘உயர்சாதி மற்றும் கோஷாப் பெண்களுக்கான விக்டோரியா மருத்துவமனை’ என்னும் பொருள்படும் நீண்ட ஆங்கிலப் பெயர் அதற்கு அமைந்தது. மக்கள் அதனைச் சுருக்கமாகக் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே வழங்கினர். முதியோர் வாயில் இன்றும் அப்பெயர் நிலவுகிறது. நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய அம்மனை, வேங்கடகிரி அரசரின் கொடைத்துணையோடு 1890இல் திருவல்லிக்கேணிப் பகுதிக்கு மாறியது. விடுதலைக்குப் பின் கஸ்தூரிபா காந்தியின் பெயரைத் தாங்கி, அரசு மகளிர் மருத்துவமனையாக இன்றளவும் பணியாற்றி வருகிறது.

மூன்றாவது, ஆசிரியப் பணி. தாம் மாணவியாகத் தயங்கி நுழைந்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் பேறியலும் பெண்டிர் நோயியலும் கற்பிக்கும் விரிவுரையாளராக அவர் அமர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வாளராகவும் விளங்கினார். எட்டே ஆண்டுகளில் எய்திய மாற்றம் இது.

மருத்துவர் ஒருவர் தம் வாழ்நாளில் எத்தனை வீடுகளுக்குச் செல்ல முடியும்? எத்தனை பேறுகளுக்கு உடனிருக்க முடியும்? சென்னை நகரின் ஒரு பகுதிக்கே அவர் போதார். மரக்காணம் போன்ற தொலைவூர்களை எண்ணவே வேண்டா. ஆனால் ஆண்டுதோறும் பத்து மாணவரை உருவாக்கும் ஆசிரியரின் கை அவர்தம் கைகளாய் நீண்டு செல்லும். திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவத்தின் நால்வகை உறுப்புகளாக நோயாளியையும் மருத்துவரையும் மருந்தையும் அருகிருந்து பேணுபவரையும் வகுத்துரைக்கிறது. அந்நான்கையும் தோற்றுவிக்கும் ஐந்தாவது உறுப்பாக ஆசிரியரைக் கொள்ளுதல் வள்ளுவர் கருத்துக்கு முரணாகாது.

பெயர்ப்பலகைக்கு வெளியே

இவ்வரலாற்றைப் புகழ்ச்சியாகவே முடித்துவிடுதல் நேர்மையன்று. மருத்துவமனையின் பெயரிலேயே அதன் எல்லையும் அடங்கியிருந்தது. உயர்குலத்துப் பெண்ணுக்கும் கோஷாப் பெண்ணுக்கும் அது வழிசெய்தது. உப்பளத்துப் பெண்ணுக்குக் கோஷா இல்லை. திறந்த வெளியில் ஆடவரோடு ஒருங்கு நின்று உழைத்தவள் அவள். ஆடவ மருத்துவர் பார்ப்பதற்கு அவள் நாணியிருக்கலாம். ஆனால் அவளைத் தடுத்தது நாணம் மட்டுமன்று. மருத்துவரே அருகில் இல்லை. நாள்கூலியை விட்டு வெளியூர் செல்ல வகையில்லை. தோணியிலோ வண்டியிலோ ஏறிச் சென்னை சேர்வதற்குள் பேறு முடிந்துவிடும், அல்லது உயிர் முடிந்துவிடும். திரைக்குப் பின்னிருந்த பெண்ணின் துயர் ஆட்சியாளரின் கண்ணில் எளிதிற் பட்டது; வெயிலில் நின்ற பெண்ணின் துயர் படவில்லை. இது வரலாற்றின் முரண்.

அக்குறை அம்மையார் ஒருவருடையதன்று. 1885இல் வைசிராயின் துணைவியார் டபரின் சீமாட்டி பெயரால் இந்தியா முழுமைக்கும் எழுந்த மகளிர் மருத்துவ நிதியும் பெரும்பாலும் நகரங்களையே சார்ந்து நின்றது. அரசின் ஆதரவும் செல்வரின் கொடையும் எங்குச் சென்றனவோ அங்கே மருத்துவமனைகள் எழுந்தன. சிற்றூர்களில் மருத்துவச்சியே எல்லாமாக இருந்தாள். அவளைப் பழித்துரைப்பது அக்கால ஆங்கில மருத்துவரின் வழக்கம். தூய்மை விதிகளை அவள் அறியாதிருந்தாள் என்பது உண்மை. அறியாமைக்குப் பொறுப்பு, கற்பிக்க எவரும் இல்லாமையே. ஊதியமின்றியும் நள்ளிரவில் எழுந்து சென்றவள் அவள் ஒருத்தியே என்பதும் உண்மை.

மொழியும் ஒரு திரையாக நின்றது. சென்னைக் கல்லூரியின் பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. ஆங்கிலம் அறியாத பெண் எத்துணை அறிவுடையவளாயினும் அங்கு நுழைய இயலாது. இவ்விடத்து யாழ்ப்பாணத்தை நினைத்தல் தகும். 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவர்க்கு மருத்துவம் கற்பித்ததோடு, தமிழிலேயே அதனைக் கற்பிக்கவும் முற்பட்டார். உடற்கூறு, அறுவை, பேறியல், வேதியியல் ஆகிய துறை நூல்களைத் தமிழாக்கினார். கலைச்சொற்களை ஆக்கித் தந்தார். 1884இல் அவர் மறைந்தபோது ஷார்லிப் அம்மையார் சென்னையில் ஆங்கிலத்திற் கற்பித்துக்கொண்டிருந்தார். கிறீனின் வழியும் ஷார்லிப்பின் வழியும் ஒருங்கிணைந்திருப்பின், அதாவது பெண்களுக்கு, தமிழில், முழு மருத்துவக் கல்வி கிடைத்திருப்பின், சிற்றூர்ப் பெண்ணுக்கு மருத்துவம் இன்னும் விரைவில் எட்டியிருக்கும் என எண்ணத் தோன்றுகிறது. இணையாது போனது தமிழுக்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் நேர்ந்த இழப்பே.

கற்பித்தலின் நீட்சி

சென்னையில் அம்மையார் நீடிக்க இயலவில்லை. உடல்நலம் குன்றியமையால் 1887இல் இங்கிலாந்து திரும்பினார். ஓய்வுக்குரிய காரணமாக அதனை அவர் கொள்ளவில்லை. 1888இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டம் பெற்ற முதற் பெண்ணானார். 1891இல் கணவர் மறைந்தார். மகளிர் மருத்துவமனையில் அறுவை மருத்துவராகவும், தாம் பயின்ற பெண்கள் மருத்துவப் பள்ளியில் விரிவுரையாளராகவும் தொடர்ந்து பணிபுரிந்தார். 1902இல் லண்டன் ராயல் பிரீ மருத்துவமனையின் பெண்டிர் நோயியல் மருத்துவராக அமர்த்தப்பெற்றார். 1926இல் ‘டேம்’ என்னும் உயர் விருது பெற்று, 1930இல் தம் 85ஆம் வயதில் மறைந்தார். இரண்டாம் தொழிலாகத் தொடங்கியது அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்டது. முதல் வாழ்வோ ஒன்பதாண்டு இல்லறத்தோடு நின்றது.

சென்னையில் அவர் விட்டுச்சென்றது ஒரு கட்டடம் மட்டுமன்று. பெண் மருத்துவம் பயிலலாம், பயிற்றலாம் என்னும் முன்மாதிரி. ஒருமுறை திறந்த கதவை மீண்டும் அடைத்தல் அரிது. 1907இல் புதுக்கோட்டையிலிருந்து வந்து அக்கல்லூரியிற் சேர்ந்த முத்துலட்சுமி 1912இல் சிறப்போடு தேறினார். மருத்துவத்தோடு நில்லாது சட்டமன்றத்திலும் சமூகத்திலும் பெண்ணுரிமைக்குப் போராடி, 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை செயற்படக் காரணமாயிருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இவரே. ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கியது 1918இல். 1875இல் நால்வராகத் தொடங்கிய வரிசை, இவ்வாறு ஒவ்வொரு தலைமுறையிலும் நீண்டது.

அவ்வரிசை நீண்டதன் பயன், காலம் தாழ்த்தியேனும், உப்பங்கரையையும் எட்டியது. விடுதலைக்குப் பின் ஆரம்ப சுகாதார நிலையங்களும் கிராமச் சுகாதாரச் செவிலியரும் ஊர்தோறும் அமைந்தனர். கருவுற்ற ஏழைப் பெண்டிர்க்குத் தமிழக அரசு வழங்கும் நிதியுதவித் திட்டம் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரையே தாங்கியுள்ளது. மரக்காணத்துக்குத் தெற்கே புதுச்சேரியில், 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றலாக ஜிப்மர் விளங்குகிறது. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி எழுந்தது. அக்கல்லூரிகளின் வகுப்பறைகளில் இன்று பெண்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருப்பதை எவரும் வியப்பாகக் கருதுவதில்லை. வியப்பு இல்லாமற் போனதே ஷார்லிப் போன்றோர் பெற்ற வெற்றி.

நிறைவாக

காலம் கடந்து கற்கத் தொடங்குவோரைப் பற்றி நம்மிடையே ஓர் ஐயம் நிலவுவதுண்டு. இளமையிற் கற்றதே கல்வி, பின்னர்க் கற்பது பொழுதுபோக்கு என்பர் சிலர். ஷார்லிப் அம்மையாரின் வரலாறு அவ்வையத்தை நீக்குகிறது. தாயாக இருந்தமையால் தாய்மாரின் வேதனையை அறிந்தார்; இல்லத்தை நடத்தியமையால் பிற இல்லங்களுக்குள் தயக்கமின்றிச் சென்றார். முதல் வாழ்வு இரண்டாம் தொழிலுக்குத் தடையாக அன்று, அடித்தளமாகவே அமைந்தது.

ஆனால் அதனினும் முதன்மையானது ஒன்றுண்டு. தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொண்டிருப்பின் அவர் சென்னையின் சிறந்த மருத்துவருள் ஒருவராக நினைவுகூரப்பட்டிருப்பார், அவ்வளவே. கற்பித்தமையால் அவர் செல்லாத ஊர்களுக்கும் அவர் தொடங்கிய வரிசை சென்றது. அவர் மருத்துவமனையின் பெயர்ப்பலகை ஒதுக்கிய பெண்ணையும் அவ்வரிசையே பின்னர்த் தேடி வந்தது. நிறுவனத்துக்கு எல்லையுண்டு, கல்விக்கு இல்லை.

பக்கிங்காம் கால்வாயில் உப்புத் தோணிகள் ஓடிய காலம் மறைந்துவிட்டது. அதன் கரையில் எழுந்த கோஷா ஆஸ்பத்திரியில் இன்றும் குழந்தைகள் பிறந்துகொண்டிருக்கின்றன. அங்கு வரும் தாயின் குலத்தை வாயிலில் எவரும் கேட்பதில்லை. கால்வாயின் தென்கோடியில், மரக்காணத்து அளங்களில், கோடைதோறும் பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருக்கின்றனர். அப்பெண்களின் மகள் ஒருத்தி வெள்ளை மேலாடை அணிந்து மருத்துவ வகுப்பின் முன்வரிசையில் அமர்ந்து, பின்னொரு நாள் அதே வகுப்பில் கற்பிப்பாளாயின், 1875இல் நால்வர் தொடங்கிய பணி அன்று நிறைவெய்தியதாகக் கொள்ளலாம்.